சத்தம் போடக்கூடாத சந்து

எங்கள் ஊர்ச் சந்தைக் கட்டடத்தில், வியாபாரிகளுக்கான தகவல் மேசை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வரி எப்போது கட்டுவது, பெயர்ப்பலகைக்கு யாரிடம் அனுமதி கேட்பது, குப்பை லொறி எந்தப் பக்கம் வரும், எல்லாம் அங்கேதான் கேட்க வேண்டும். மேசையில் இருக்கும் தர்ஷினி என்ற பிள்ளை நல்ல உயரம். பெரியவர்கள் யாராவது வந்தால் மரியாதைக்கு எழுந்து நிற்பாள். உடனே தலை படியில் இடிக்கும். அதனால் அங்கே போகிற பெரியவர்கள் எல்லாரும் "இரு பிள்ளை, இரு பிள்ளை" என்று கையைக் காட்டிக்கொண்டே போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆசீர்வாதம் செய்வதுபோல இருக்கும்.

போன மாதம் மகனின் கடை அனுமதி விஷயமாக நானும் அப்படிக் கையைக் காட்டிக்கொண்டு போனேன்.

"அங்கிள், நீங்க முந்தி கவுன்சில்லதானே வேல செஞ்சீங்க? இந்த மேசைய இந்தப் பொந்துக்குள்ள கொண்டுவந்து போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"அது பெரிய கதை மகள். எனக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு."

"அப்ப எழுதித் தாங்க. வியாபாரிகள் வட்ஸ்அப் குரூப்புல போடுறேன்."

அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். நகர சபை, நாளைக்குத் தண்ணீர் நிற்கும் என்று காலையில் ஒரு செய்தி போடும். அதற்குக் கீழே ரோஜாப்பூவும் இனிய காலை வணக்கமும் வரிசையாக வரும். ஒருவர் பழைய குளிர்சாதனப் பெட்டி விற்பார். இன்னொருவர் யாருக்கோ பிறந்தநாள் கேக் அனுப்புவார். கடைசியில் ஒருவர் வந்து, "தண்ணி எப்ப நிக்கும்?" என்று கேட்பார். குறை சொல்லவில்லை. எங்கள் காலத்திலும் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஆனால் அப்போது அவர்கள் கேட்காமல் விட்டது என் குரலை. அதில் ஒரு பெருமை இருந்தது.

எழுதுவதற்குப் பயமாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓய்வூதியம் வேறு மாதாமாதம் வருகிறது. அதை நிறுத்துகிற அளவுக்கு ஏதாவது எழுதித் தொலைத்துவிடுவேனோ என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்க எழுதுறத யாரு படிக்கப் போறா, பயப்படாம எழுதுங்க" என்றாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். கண்டிக்குப் பக்கத்தில், பஸ்ஸில் ஏறினால் ஒரு கோழித்தூக்கம் போடவும் நேரமில்லாத தூரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நகர சபையில் சேர்ந்தது வாய்க்கால் வெட்டுவதற்கு. ஒரு நாள் அலுவலக வாசலில் சீமெந்து பூசிக்கொண்டிருந்தோம். ஈரச் சீமெந்தில் கால் வைக்கப்போன ஒரு மனிதரைப் பார்த்துப் போட்ட சத்தத்தில், மேல்மாடி ஜன்னல் திறந்தது. வருமானப் பகுதித் தலைவர் ஜெயரத்தினம் சேர் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர். "உந்தச் சத்தம் ஆற்றை?" என்று கேட்டார். என்னுடையது என்று கையைத் தூக்கினேன். வேலை போயிற்று என்று நினைத்து மண்வெட்டியைக் கீழே வைத்தேன். என் நேர்முகப் பரீட்சை அதுதான். அடுத்த வாரத்திலிருந்து ஒலிபெருக்கி வாகனத்தில் ஏறினேன். சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, இரண்டும் நான்தான்.

வாகனத்தை ஓட்டியவர் சுனில். வாய்க்குள் எப்போதும் வெற்றிலை. அவசரமே இல்லாத ஆள். நானோ சும்மா இருக்கும்போதே வியர்க்கிற ஆள். முதல் அறிவிப்புக்கு நான் மைக்கை அத்தனை தடவை தட்டிப் பார்த்ததில், சனங்கள் யாரோ கதவு தட்டுகிறார்கள் என்று வெளியே வந்துவிட்டார்கள்.

அந்த முதல் அறிவிப்பு வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பது பற்றியது. மொழிபெயர்ப்புப் பகுதி கொடுத்ததை அப்படியே வாசித்தேன். "சகல வணிகப் பெருமக்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்" என்று தொடங்கி, மூச்சு முட்டுகிற வரை ஒரே வசனம். சுனில் மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனால் வாகனம் நகர்கிறதல்லவா? முதல் கடைக்காரருக்கு "வணிகப் பெருமக்களுக்கும்" மட்டும் கேட்டது. யாரோ அரசியல்வாதி என்று கதவைச் சாத்திவிட்டார். நாலு கடை தள்ளி இருந்தவருக்கு "வருகின்ற வெள்ளிக்கிழமைக்கு முன்னர்" கேட்டது. தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்குக் கேட்டதோ "தங்கள் கடை மூடப்படும்" என்பது மட்டும். நான் அலுவலகத்துக்குத் திரும்பும் முன்னே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றார்.

ஜெயரத்தினம் சேர் என்னைக் கூப்பிட்டார். ஏசவில்லை. அவர் ஏசாவிட்டால்தான் எனக்குப் பயம். தன் மேசைக்கு எதிரே ஒரு வெறுங் கதிரையை இழுத்துப் போட்டார்.

"உந்தக் கதிரைக்கு வாசியும்."

"சேர்?"

"கதிரைக்கு வாசியும் காணும். அதுதான் கடைக்காரன். சீனி நிறுத்துக்கொண்டு இருக்கிறான். உம்மட வாகனம் அவனைத் தாண்டிப் போக ஒரு வசனம்தான் நேரம். ஆருக்கு, எப்ப, எங்கை, வராட்டி என்ன. ஒரே மூச்சிலை சொல்லும்."

வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கதிரையைப் பார்த்து, "உனக்கு விளங்கிச்சுதோ?" என்று கேட்டார். கதிரை பேசாமல் இருந்தது. "அவனுக்கு விளங்கேல்லை. திரும்பச் சொல்லும்" என்றார். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, எந்த அறிவிப்பும் அந்தக் கதிரைக்கு விளங்காமல் வெளியே போனதில்லை. மந்திரி வருகையானாலும் சரி, தெருநாய்க்கு ஊசி போடுவதானாலும் சரி. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் கதிரையோடு பேசுவதைப் பார்த்துவிட்டு, வேலைப் பளுவில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தேத்தண்ணி வாங்கித் தருவார்கள். நான் குடித்துவிடுவேன்.

இனி, சத்தம் போடக்கூடாத அந்தச் சந்துக்கு வருகிறேன். பிரதான வீதியிலிருந்து நீதிமன்றச் சுவரை ஒட்டி ஒரு சந்து இறங்கும். நாலைந்து சின்னக் கடைகள். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி போடக்கூடாது என்பது சட்டம். அதனால் வளைவு வந்ததும் சுனில் சுவிட்சை அணைத்துவிடுவார். நான் இறங்கி, சந்துக்குள் நடந்து போய், கடை கடையாகக் காதோடு சொல்வேன். ஊர் முழுக்க அலறிவிட்டு அங்கே மட்டும் களவு செய்யப் போகிறவன் மாதிரி மெதுவாகப் பேசுவேன். போட்டோக் கொப்பிக் கடைக்காரர், "என்ன மைக்கண்ணே, தொண்டை அடைச்சிருச்சா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நானும் சிரிப்பேன். அவரும் அலுக்கவில்லை.

பழைய சந்தையை இடித்துப் புதுக் கட்டடம் கட்டிய காலத்தில், அங்கே இருந்த கடைக்காரர்கள் ஊரெல்லாம் சிதறிப்போனார்கள். பெரும்பாலும் எல்லாரும் பிரதான வீதி ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். நசீமா ராத்தாவுக்கு மட்டும் இந்தச் சந்துக்குள்தான் ஒரு விறாந்தை கிடைத்தது. மடவளையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து கட்லட், ரோல்ஸ், பற்றிஸ் பொரிப்பார். அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். வயது வித்தியாசம் பார்க்காமல் ஊரே அவரை ராத்தா என்றுதான் கூப்பிட்டது. புருஷன் இல்லை. பழைய சந்தையில் அவர் உம்மா காலத்திலிருந்தே அந்தக் கடை. மழைக்காலத்தில் அந்த விறாந்தைக்குள் எண்ணெய்ச் சட்டிக்கு மேலேயே ஒழுகும். "புதுக் கட்டடம் முடிஞ்சா நான் ராணி தம்பி" என்பார்.

கட்டடம் முடிந்தது. பழைய கடைக்காரர்கள் எல்லாரும் ஒரு குறித்த நாளில் வந்து சீட்டுக் குலுக்கிக் கடையெடுக்க வேண்டும், வராதவர்களுக்கு உரிமை போய்விடும் என்று சபை தீர்மானித்தது. எல்லாருக்கும் பதிவுத் தபாலும் அனுப்பினார்கள். எந்த விலாசத்துக்கு? பழைய சந்தைக் கடை விலாசத்துக்கு. இடித்த கட்டடத்துக்கு! தபால்காரர் கொஞ்ச நேரம் மண்மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். ஆகவே எல்லாம் ஒலிபெருக்கியின் தலையில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து நாவலப்பிட்டியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான், போகாமல் முடியாது. விடுமுறை கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். ஜெயரத்தினம் சேர்தான் வழி சொன்னார்.

"உம்மட குரலை ரெக்கோட் பண்ணி வைப்பம். சுனில் போட்டுக்கொண்டு போகட்டும். நீர் போய்க் கல்யாணத்தைப் பாரும்."

கதிரைக்கு முன்னால் இருந்து பதிவு செய்தோம். சேர் திருப்தியோடு தலையாட்டினார். சுனில் சந்தோஷப்பட்டார், இனிமேல் என் பயத்தைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்ட வேண்டியதில்லை. நான் நாவலப்பிட்டிக்குப் போனேன். அங்கே பந்தியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், என் குரல் எங்கள் ஊர் வீதிகளில் தனியாகச் சுற்றியது. வளைவு வந்ததும் சுனில் ஒழுங்காக, சட்டப்படி, சுவிட்சை அணைத்தார். அடுத்த வளைவில் ஒழுங்காகப் போட்டார். நடுவில் இறங்கி நடக்கக் குரலுக்குக் கால் இல்லை என்பது, எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவேயில்லை.

கல்யாணப் பலகாரப் பொதியோடு வேலைக்குத் திரும்பிய காலை, ராத்தா அலுவலக வாசலில் நின்றார். சீட்டுக் குலுக்கல் முடிந்துவிட்டது. அவருடைய இடம், வியாபாரிகள் சங்கத் தலைவர் சுப்பையா முதலாளியின் மச்சினனுக்குப் போய்விட்டது.

"தம்பி, ரோட்டுல இக்கிற எல்லாருக்கும் கத்துறீங்க. ஏன்ட கடெக்கி மட்டும் நடந்து வந்து செல்லுவீங்க. நீங்க வரல்ல. வரல்லண்டா ஒண்டும் இல்லண்டுதானே நான் நெனப்பேன்?"

பலகாரப் பொதியை நீட்டினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் அதை வாங்கி அங்கேயே இருந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டுப் போனார். நேரே கண்டிக்குப் போய், நகர சபைகளைக் கண்காணிக்கிற உதவி ஆணையாளரிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டார்.

விசாரணை வரப்போகிறது என்று தெரிந்தது. வேலை போய்விடும், பொலிஸ் வரும், மகளின் பள்ளிக்கூடத்தில் கதைப்பார்கள் என்று குண்டசாலையில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கணக்குப் போட்டேன். ஒரு நாள் சுப்பையா முதலாளி கடைக்குள் கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார். சீட்டில் மூலைக்கடை விழுந்த சந்தோஷத்தில் இருந்த மனிதர்.

"தம்பி, ஊரே ஓங் கொரலக் கேட்டுச்சு. நீ அறிவிச்சேன்னு சொன்னா முடிஞ்சுச்சு. இல்லேன்னா என்னா ஆகும்? திரும்பக் குலுக்கச் சொல்லுவாங்க. அம்புட்டுப் பேரும் எடுத்த கடைய விடணும். அப்பறம் நீ எந்தத் தெருவுல மைக்கப் புடிச்சிக்கிட்டுப் போவ?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. கடை கிடைத்தவர்கள் கடன் வாங்கி அலுமாரி, கண்ணாடி எல்லாம் போடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். ஜெயரத்தினம் சேரிடம் போய், "நான் என்னா சேர் சொல்றது?" என்று கேட்டேன். தலை நிமிராமல், "கேட்டதுக்கு மறுமொழி சொல்லும். கேளாததுக்கு வாயைத் திறக்காதையும்" என்றார். உலகத்திலேயே எனக்குத் தெரியாத ஒரே வித்தை அதுதான்.

உதவி ஆணையாளர் ஒரு அம்மா; தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுவார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். முதலாளியும் இன்னும் சிலரும் என் குரலைக் கேட்டதாகச் சொன்னார்கள். பதிவைப் போட்டுக் காட்டினார்கள்.

"இது உங்கள் குரலா?"

"ஆமாங்க மேடம்."

"அன்று ஊர் முழுக்க அறிவித்தீர்களா?"

"நான் அறிவிக்கலங்க. என் குரல் அறிவிச்சுச்சு. நான் நாவலப்பிட்டியில சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

அறை சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. "சாப்பாடு நல்லா இருந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

"உப்புக் கொஞ்சம் கூடங்க" என்றேன். கேட்டதுக்கு மறுமொழி சொல்ல வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

முதலாளி எழுந்தார். "அம்மா, சந்து என்ன அடுத்த ஊர்லயா இருக்கு? வளைவுல நின்னு ரோட்டுல போட்டாலே உள்ள கேக்கும். அந்தம்மா கேட்டும் சும்மா இருந்துட்டு இப்ப வந்து நிக்கிறாங்க."

"அப்படியானால் போய்க் கேட்டுப் பார்ப்போம்" என்றார் அம்மா.

எல்லாரும் போனோம். சுனில் வளைவில் வாகனத்தை நிறுத்தினார். நாங்கள் ராத்தாவின் விறாந்தைக்கு முன்னால் நின்றோம். ராத்தா பொரிப்பதை நிறுத்தவில்லை. அன்றைக்கும் வழக்கு நாள், வியாபாரம் இருந்தது. சட்டத்தைப் பார்த்தே பழகிய சுனிலுக்குச் சுவிட்சைத் தொட மனமில்லை. அம்மா கையைக் காட்டினார். போட்டார்.

என் குரல் வந்தது. சந்தே அதிர்ந்தது. சுவர்கள் சேர்ந்து திருப்பிக் கத்தின. நானே திடுக்கிட்டுப்போனேன், இவ்வளவு காலம் இந்தச் சத்தத்தையா ஊர் பொறுத்துக்கொண்டது!

"பாத்தீங்களாம்மா? எம்புட்டுத் தெளிவு!" என்று முதலாளி கையைத் தட்டினார்.

தட்டிய கை இறங்கவில்லை, நீதிமன்றப் பக்கக் கதவு படாரென்று திறந்தது. வாசல் காவல் பொலிஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே வழக்கு நடக்கிறது, யார் இந்தச் சத்தம் போடுவது, வண்டியோடு எல்லாரையும் உள்ளே கொண்டுபோவேன் என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். ராத்தாவின் சட்டியை விடச் சத்தம். சுனில் அணைத்துவிட்டு, வெற்றிலையை விழுங்கிவிட்டார். நான் போட்டோக் கொப்பிக் கடைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஜெயரத்தினம் சேர்தான் பொலிஸ்காரர் பக்கத்தில் போனார். சிங்களத்தில், மிக மரியாதையாக, ஒரு கேள்வி கேட்டார். "ராலஹாமி, இதுக்கு முன்னால் இப்படி எத்தனை தரம் ஓடி வந்திருக்கிறீர்கள்?"

"மூன்று வருஷமாக இந்தக் கதவில் நிற்கிறேன். ஓடி வந்தது இன்றைக்குத்தான். கேட்டால் விட்டுவிடுவேனா?"

சேர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு இவர் வரேல்லை. எண்டால் அண்டைக்கு இஞ்சை சத்தம் கேக்கேல்லை. வாகனம் சட்டப்படிதான் நிப்பாட்டினது. ஆளை இறக்கி நடக்கவிட ஏற்பாடு செய்யாதது நான். எழுதிக்கொள்ளுங்கோ."

ஒரு கதிரைக்கு விளங்குகிற மாதிரி சொல்லிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் வியர்க்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலாளி வாயைத் திறந்தார்; அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்; மூடிக்கொண்டார்.

முடிவு வரக் கொஞ்ச நாள் பிடித்தது. குலுக்கிய கடைகளை யாரும் திருப்பித் தர வேண்டாம். ஆனால் கீழ் மாடியில், முன் வாசலில், வியாபாரிகளுக்குத் தகவல் சொல்லக் கண்ணாடி போட்டு ஒரு அறையைச் சபை தனக்கென்று ஒதுக்கியிருந்தது. தகவல் போய்ச் சேராதவருக்கே அந்த அறையைக் கொடுக்க வேண்டும் என்று அம்மா எழுதிவிட்டார். தகவல் மேசை மாடிப்படிக்குக் கீழே போயிற்று. தர்ஷினி, உன் தலையில் இடிக்கிறது இதுதான்.

சேர் என்னைக் கூப்பிட்டார். "வாகனம் வேண்டாம். நடந்து போய்ச் சொல்லும், திங்கட்கிழமை திறக்கலாம் எண்டு. இப்பவே போம்."

சந்துக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் குரல் தானாக இறங்கிவிட்டது. ராத்தா ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் குனிந்து, "ராத்தா, கடை கெடச்சிருச்சு" என்றேன்.

சுருட்டிய கை நின்றது. "எந்தக் கடெ?"

"ஒங்க கடை. புதுக் கட்டடத்துல. நல்ல இடம்."

அடுப்பைத் தணித்தார். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கு ஏன் தம்பி காதுக்குள்ள வந்து செல்லுறீங்க? ஏன்ட கடெ போனது ஊருக்கே தெரியும். கெடச்சது எனக்கும் ஒங்களுக்கும் மட்டும் தெரிஞ்சா போதுமா? கத்திச் செல்லுங்க."

"இங்க கத்தக் கூடாது ராத்தா."

"மைக்குலதானே கூடாது? அல்லாஹ் தந்த தொண்டைக்கும் சட்டம் இக்கா?"

யோசித்தேன். சட்டத்தில் ஒலிபெருக்கி என்றுதான் இருக்கிறது. தொண்டை என்று இல்லை. ஆனாலும் வேலை, ஓய்வூதியம், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. ராத்தா மாவுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நடுச் சந்தில் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"மடவளை நசீமா ராத்தாவின் கடைக்குப் புதுச் சந்தைக் கட்டடத்தில் இடம் கிடைத்துவிட்டது!"

பழக்கதோஷம், உடனே சிங்களத்திலும் ஒரு தடவை.

போட்டோக் கொப்பிக் கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். நீதிமன்றத்து மேல்மாடி ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. கீழே பக்கக் கதவும் திறந்தது. அதே பொலிஸ்காரர். இந்தத் தடவை ஓடவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேரே என்னை நோக்கி நடந்து வந்தார். கிட்ட வந்தார். ராத்தாவைப் பார்த்தார். தட்டிலிருந்த ரோல்ஸைப் பார்த்தார். திரும்பி, சட்டத்தரணிகளும் எழுதுவினைஞர்களும் தலை நீட்டிக்கொண்டிருந்த ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு என் காதோடு, மெதுவாகக் கேட்டார்.

"மேலே இருக்கிற மாத்தயாமார் கேட்கிறார்கள். எந்த மாடி? எப்போதிலிருந்து?"

"கீழ் மாடி!" என்று ஜன்னல்களைப் பார்த்துக் கத்தினேன். "திங்கட்கிழமையிலிருந்து!"